சிறப்புக் கட்டுரைப் பயிற்சியும் தமிழ்த் தொடரமைப்பும்

இதழியல் மாணவர்க்குச் சிறப்புக் கட்டுரையின் முன்மாதிரியாகக் காட்டப்பெறுவனவற்றுள் ஒன்று ஜான் ஹெர்சியின் ‘ஹிரோஷிமா’ (1946). அணுகுண்டுக்குத் தப்பிய அறுவரை அறிமுகப்படுத்துமிடத்து அது பெயரை முன்னும் விளக்கத்தைப் பின்னும் வைக்கிறது. ஆங்கிலத் தொடரமைப்பு இதற்கு இடந்தருகிறது. தமிழிலோ பெயரெச்சம் பெயருக்கு முன்னரே வரும். ஆகவே, அத்தனை விளக்கத்தையும் ஒரே தொடரில் அடக்க முயலும் மாணவர், ‘கணவரை இழந்த, தீப்பெட்டி ஆலையில் கூலிவேலை செய்யும், அறுபது வயதான மாரியம்மாள்’ என எழுத நேர்கிறது. ஆள் வருமுன் அவலம் வந்துவிடுகிறது. ‘மாரியம்மாளுக்கு வயது அறுபது. தீப்பெட்டி ஆலையில் கூலிவேலை செய்கிறார்’ எனப் பகுத்தெழுதின் ஆள் முன்நிற்பார். கணவரின் இறப்பு உரிய இடத்தில் வரும். ஹெர்சியின் முறை தரும் பயனும் இதுவே. சிறப்புக் கட்டுரைப் பயிற்சியில் செய்தி திரட்டலோடு தொடரியலும் இடம்பெறல் வேண்டும்.