5,952 யூரோவும் ஒரு பச்சை அட்டையும்

திருச்சியில் அப்பா வங்கிக்குப் போய், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ஏ2 படிவம் நிரப்பிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிய பணம் நான்காம் நாள் ஜெர்மனிக்குப் போய்ச் சேர்ந்தது. சேர வேண்டியது 5,952 யூரோ. சேர்ந்தது 5,937. நடுவில் கைமாற்றிவிட்ட ஏதோ ஒரு வங்கி 15 யூரோவை எடுத்துக்கொண்டிருந்தது. மாதம் 992 யூரோ வீதம் ஆறு மாதத் தொகையும் முடக்கக் கணக்கில் முழுதாக இருந்தால்தான் விசாவுக்கான சான்று கிடைக்கும். அந்த 15 யூரோவுக்காக என் விசா வேலை ஒன்பது நாள் நின்றது.

அந்த ஒன்பது நாளில்தான் வங்கி ரசீதை வரிவரியாகப் படித்தேன். கமிஷன் 500 ரூபாய், ஜி.எஸ்.டி. இவ்வளவு என்று தெளிவாகப் போட்டிருந்தது. தொகை 10 லட்சத்துக்குள் என்பதால் டி.சி.எஸ். வரிப் பிடித்தம் இல்லை. அன்று சந்தையில் யூரோ 100 ரூபாய். எங்களுக்குப் போட்ட விலை 102 ரூபாய் 50 காசு. அந்த இரண்டரை ரூபாயை 5,952ஆல் பெருக்கிப் பார்த்தேன்: 14,880 ரூபாய். இதற்கென்று ரசீதில் ஒரு வரிகூட இல்லை.

ஆகன் நகரில் ஒரு குளிர்கால செமஸ்டர் படிக்கப் போனபோது, என் கணக்கை வைஸ் செயலியில் திறந்ததற்கு இந்த ரசீதுதான் காரணம். 2011இல் லண்டனில் இரண்டு எஸ்தோனியர்கள் தொடங்கியது வைஸ். 2021 வரை டிரான்ஸ்ஃபர்வைஸ் என்று பெயர். இருவரில் ஒருவருக்குச் சம்பளம் யூரோவில், செலவு பவுண்டில். மற்றவருக்குச் சம்பளம் பவுண்டில், வீட்டுக் கடன் யூரோவில். வங்கியை விட்டுவிட்டு, சந்தை விலைக்குத் தங்களுக்குள் மாற்றிக்கொண்டார்கள். செயலியில் இன்றும் அந்தச் சந்தை விலைதான். கட்டணம் தனி வரியாகக் கண்ணெதிரே நிற்கிறது. பணம் அனுப்பும் முன்பே எதிர்முனையில் எவ்வளவு சேரும் என்று தெரிந்துவிடுகிறது. மற்ற வசதிகள் பல செயலிகளில் உண்டு. நான் மதிப்பெண் கொடுப்பது இந்த ஒரு திரைக்கு.

மாதாமாதம் முடக்கக் கணக்கிலிருந்து 992 யூரோ என் வைஸ் கணக்கில் வந்துவிழும். வந்த அன்றே அதைச் செயலிக்குள்ளேயே உண்டியல் உண்டியலாகப் பிரித்துவிடுவேன்: வாடகை, காப்பீடு, ஊர் திரும்பும் செலவு. உண்டியலில் போட்ட பணத்தை வைஸின் பச்சை அட்டை தொட முடியாது. ஒவ்வொரு முறை அட்டையைத் தட்டியதும் மீதி எவ்வளவு என்று கைப்பேசி சொல்லிவிடும். அட்டை தொலைந்தால் ஒரே தட்டலில் முடக்கலாம்.

குறைகளும் உண்டு. ஜெர்மனியில் இன்னமும் ரொக்கத்துக்கு மரியாதை அதிகம். என் அறைக்குக் கீழே இருந்த ரொட்டிக்கடையில் ‘ரொக்கம் மட்டும்’ என்ற சீட்டு கல்லாப்பெட்டி மேலேயே ஒட்டியிருந்தது. சில கடைகளில் உள்ளூர் கீரோகார்டு மட்டும் செல்லும், இந்தப் பச்சை அட்டை செல்லாது. ஏ.டி.எம்.மில் மாதம் இரண்டு முறை, மொத்தம் 200 யூரோ வரைதான் இலவசம். அதற்கு மேல் கட்டணம் உண்டு. மாதத் தொடக்கத்தில் இரண்டு முறை நூறு நூறாக எடுத்து வைத்துக்கொண்டேன், போதுமாக இருந்தது.

இன்னொரு சிக்கல், எனக்குக் கிடைத்த கணக்கு எண் பி.இ. என்று, அதாவது பெல்ஜியம் என்று தொடங்கியது. ஒரு செல்போன் நிறுவனம் ஜெர்மன் எண்தான் வேண்டும் என்று என் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியது. யூரோ கணக்கு எந்த உறுப்பு நாட்டில் இருந்தாலும் ஏற்க வேண்டும் என்பது 2012ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றியச் சட்டம். அதன் 9ஆம் பிரிவைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் போட்டேன். மூன்றாம் நாள் ஏற்றுக்கொண்டார்கள். புதிதாகப் போகிற பிள்ளைகள் இந்தப் பிரிவு எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

முக்கியமாக, வைஸ் ஐரோப்பாவில் வங்கி அல்ல. பெல்ஜியத் தேசிய வங்கியிடம் உரிமம் பெற்ற பணப் பரிமாற்ற நிறுவனம். நம் பணத்தைத் தனியாக ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது விதி. ஆனால் வங்கி வைப்புக்கு இருக்கும் 1,00,000 யூரோ வரையிலான உத்தரவாதம் இதற்குக் கிடையாது. அதனால் ஒரு மாதச் செலவுக்கு மேல் அதில் வைத்ததில்லை. நீங்களும் வைக்காதீர்கள்.

டிசம்பரில் நான்கு பேர் பிராக் போனோம். செக் நாட்டில் யூரோ இல்லை, கொருனா. சுற்றுலாத் தெருவில் ஒரு ஏ.டி.எம்.மில் 2,000 கொருனா கேட்டேன். திரையில் இரண்டு பொத்தான்கள். பெரிதாக, பளிச்சென்று ஒன்று: ‘93 யூரோ, ஏற்கிறேன்’. ஓரத்தில் மங்கலாக இன்னொன்று: ‘மாற்றம் வேண்டாம்’. அடியில் பொடி எழுத்தில் 13 சதவீதம் என்று இருந்தது. ஐரோப்பிய மத்திய வங்கியின் விலைக்கு மேல் எவ்வளவு வைக்கிறார்கள் என்பதைக் காட்டியாக வேண்டும் என்று 2020 ஏப்ரலிலிருந்து சட்டம் இருப்பதால்தான் அந்த வரியாவது இருக்கிறது. எனக்கு முன்னால் எடுத்த தோழி பெரிய பொத்தானை அழுத்தியிருந்தாள். நான் மங்கலானதை அழுத்தினேன். கணக்கில் கழிந்தது 82 யூரோ 80 சென்ட். ‘உங்கள் நாட்டுப் பணத்திலேயே கட்டுகிறீர்களா?’ என்று எந்த இயந்திரம் கேட்டாலும், எந்த அட்டையாக இருந்தாலும், வேண்டாம் என்றே சொல்லுங்கள். நிற்கிற ஊரின் பணத்தில் கட்டுவதுதான் மலிவு.

ஜனவரியில் கைச்செலவுக்கு இன்னும் கொஞ்சம் பணம் தேவைப்பட்டது. அப்பா இந்த முறை கைப்பேசியில் சந்தை விலையைத் திறந்துவைத்துக்கொண்டே மேலாளர் முன் உட்கார்ந்தார். கேட்டதும் யூரோவுக்கு ஒன்றரை ரூபாய் குறைத்தார்கள். இத்தனை நாள் கேட்காமல் இருந்துவிட்டோமே என்று அவருக்கு வருத்தம்.

கிளம்பும் வாரம் ஊர் திரும்பும் உண்டியலில் 140 யூரோ மீதி இருந்தது. அப்பா கணக்குக்கே அனுப்பினேன். அனுப்பும் முன் திரையில் காட்டிய ரூபாயை அவருக்குப் போனில் வாசித்தேன். துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டார். மறுநாள் காலை அவரே கூப்பிட்டார்.

“நீ சொன்ன தொகையே வந்திருக்கும்மா. காசு குறையலை.”