பேனாவும் பிழைப்பும்: இளங்கீரனை முன்வைத்து

ஈழத்துத் தமிழில் ‘முழுநேர எழுத்தாளர்’ என்ற சொல்லை யாருக்குப் பொருத்தலாம் என்று தேடினால் விரல்விட்டு எண்ணக்கூடிய பெயர்களே தேறும். அவற்றுள் முதலில் நினைவுக்கு வருபவர் நீர்கொழும்பைச் சேர்ந்த சுபைர் இளங்கீரன் (1927–1996). ‘எழுத்தையே நம்பி வாழ்ந்தவர்’ என்று அவரைப் பாராட்டாத கட்டுரை இல்லை. அந்தப் பாராட்டை நான் சற்றுச் சந்தேகத்துடனேயே வாசிப்பதுண்டு. எழுத்து அவரை எவ்வாறு எழுத வைத்தது என்ற கேள்வி அதற்குள் மறைந்துவிடுகிறது.

நமது கரையோரத்தில் நிலைமை வேறு. பெரியநீலாவணையின் நீலாவணன் ஆசிரியர். மருதமுனையின் மருதூர்க்கொத்தனும் ஆசிரியர். எம்.ஏ. நுஃமான் பாடசாலையில் தொடங்கிப் பல்கலைக்கழகத்துக்குப் போனவர். அட்டாளைச்சேனைக் கலாசாலையில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தபோது, கவிதை எழுதாதவன் ஆசிரியனாக முடியாதோ என்று எனக்கே ஐயம் வந்ததுண்டு. மாதச் சம்பளம் இவ்வெழுத்தாளர்களுக்கு ஒரு சுதந்திரத்தைத் தந்தது. பிடிக்காததை எழுத வேண்டியதில்லை. எவரது தயவையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஆனால் சம்பளக்காரன் எழுதாமல் இருந்தாலும் அடுப்பு எரியும். ஒரே தொகுதியுடன் நின்றுவிட்ட நல்ல கதைஞர்கள் நம்மிடையே பலர் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

இளங்கீரனுக்கு அந்த வசதி இருக்கவில்லை. இளவயதிலேயே மலாயாவுக்குப் போய்த் திரும்பியவர், பத்திரிகைப் பணியும் நாவலுமாகவே காலத்தை ஓட்டினார். அவரது ஆரம்பகால நாவல்கள் காதலும் திடீர்த் திருப்பங்களும் நிறைந்தவை. இலக்கியத் தரமென்று பார்த்தால் அவற்றுட் பெரும்பாலானவற்றை நான் தள்ளியே வைப்பேன். ஆனால் நாவல் எழுதும் கையை அவர் பழக்கிக்கொண்டது அங்கேதான். அந்தப் பழக்கம் இல்லாமல் பின்னாளைய ‘தென்றலும் புயலும்’, ‘நீதியே நீ கேள்’ போன்றவை வந்திரா. நீர்கொழும்பில் பிறந்த ஒரு முஸ்லிம், யாழ்ப்பாணச் சமூகத்தைத் தன் நாவலுக்கு உரிய களமாக எடுத்துக்கொண்டார் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அவரை ‘முஸ்லிம் எழுத்தாளர்’ பட்டியலில் சேர்க்க அவசரப்படும் நாம் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

‘நீதியே நீ கேள்’ க. கைலாசபதி தினகரன் ஆசிரியராக இருந்த காலத்தில் (1959–61) அப்பத்திரிகையில் தொடராக வந்தது. தொடர்கதையின் குறைகள் அதில் உண்டு. சில பாத்திரங்கள் பேசுவதை விட்டுப் பிரசங்கம் செய்கின்றன. சில இடங்களில் கதை அடுத்த இதழுக்காகக் காத்து நிற்கிறது. இருந்தாலும் அந்த நாவலை எழுதி முடிக்க வைத்தவை மூன்று: கேட்பதற்கு ஓர் ஆசிரியர், கொடுப்பதற்கு ஒரு திகதி, சண்டை பிடிப்பதற்கு ஒரு கொள்கை. முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தில் அவருக்கிருந்த ஈடுபாட்டை அரசியலாக மட்டும் பார்ப்பவர்கள், தனியே இருந்து எழுதும் மனிதனுக்கு நாலு பேர் கூடி வாதிக்கும் இடம் எவ்வளவு பெரிய உந்துதல் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

1961இல் அவர் ‘மரகதம்’ சஞ்சிகையைத் தொடங்கினார், அது நிலைக்கவில்லை. அதே 1927இல் பிறந்த டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கிய ‘மல்லிகை’ 2012 வரை நானூறு இதழ்களைத் தாண்டியது. ஜீவாவுக்குச் சவரத் தொழில் இருந்தது என்பது பாதி விளக்கம்தான். மீதிப் பாதி, இதழைக் கையில் எடுத்துக்கொண்டு வாசகனின் முன்னால் போய் நின்று விற்றதில் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கியவனின் முகத்தைப் பார்த்தவனுக்கு அடுத்த மாதம் சும்மா இருக்க முடியாது.

இன்று நமது பகுதியில் இதற்குப் பதிலாக வந்திருப்பது வெளியீட்டு விழா. எழுத்தாளரே கடன்பட்டு அச்சடிக்கிறார், புரவலர் ஒருவர் முதற் பிரதியைப் பெறுகிறார், பொன்னாடை போர்த்தப்படுகிறது. செலவு ஓரளவு மீளலாம். புரவலர்களை நான் குறைசொல்லவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் பல நூல்கள் கொப்பியிலேயே கிடந்திருக்கும். ஆனால் விழாவுக்கு வருபவர் வாசகர் அல்லர், விருந்தினர். அந்த மாலைப்பொழுது அடுத்த நூலை எழுத வைப்பதில்லை. விமர்சனமும் அங்கே மேடைப் பேச்சாகச் சுருங்கிவிட்டது. இரண்டாவது நூலை நன்றாக எழுதுவதற்கு வேண்டிய ஒரு கண்டிப்பான சொல் முதல் நூலுக்குக் கிடைப்பதில்லை.

தம்பிலுவிலில் நான் படிப்பிக்கும் பிள்ளையொருத்தி, நன்றாகக் கதை எழுதுபவள், கேட்டாள்: “சேர், புத்தகத்துக்கு எழுதினா எவ்வளவு தருவாங்க?” “ஒரு பிரதி அனுப்புவாங்க மகள்” என்றேன். “அதையும் நாமதான் தபால் கந்தோருக்குப் போய் எடுக்கணுமா?” என்றாள். அவளுக்கு இளங்கீரனின் தியாகத்தைச் சொல்லிக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. வறுமையில் எழுதினார் என்பதை ஒரு மேன்மையாக அவள் படிக்கக் கூடாது.

சஞ்சிகை நடத்துவோர் பெரிய சன்மானம் கொடுக்க முடியாது என்பதை நானறிவேன். சிறு தொகையாவது கொடுக்கலாம். வருவதை மட்டும் எதிர்பாராமல் இன்னாரிடம் இன்னதை, இன்ன திகதிக்குள் என்று கேட்டு வாங்கலாம். காலாண்டிதழ் ஒன்று ஆண்டுக்கு நாலு அத்தியாயம் கேட்டால், மூன்று ஆண்டில் ஒரு சிறு நாவல் கையில் இருக்கும்.