மூவர் பிடிக்கும் ஒரே வாள்

திண்டிவனத்தில் செஞ்சி பஸ் ஏறும்போதெல்லாம் அந்தக் கோட்டையை ஆண்ட ராஜா தேசிங்கு நினைவுக்கு வருவார். விழுப்புரம் மாவட்டத்தின் வாள் என்றால் அவர்தான். 1714-இல் ஆற்காட்டு நவாபின் பெரும்படையை எதிர்த்து மாண்டார். நண்பன் மகபத்கானும் அதே களத்தில் வீழ்ந்ததாகக் கதைப்பாடல் சொல்லும்.

தோழனுக்காக வாள் பிடிக்கும் அந்த அழகைக் குழு வாள்வீச்சில் காண்கிறேன். அணிக்கு மூவர், ஒவ்வொருவரும் எதிரணியின் மூவரோடும் மோத, மொத்தம் 9 சுற்று. சுற்றுதோறும் 5, 10, 15 எனப் புள்ளி இலக்கு ஏறி, முதலில் 45-ஐத் தொடும் அணி வெல்லும். ஒருவர் இழந்ததை அடுத்தவர் மீட்டுத் தருவார். சேபர் என்னும் வாள் பிரிவில் ஹங்கேரி ஆடவர் அணி 1928 முதல் 1960 வரை நடந்த 7 ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்றது.

டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் சேபர் வீராங்கனை பவானிதேவி தனியாக நின்றார். அவரருகே இன்னும் இருவர் நிற்கும் நாளைக் காண ஆசை.