கவர் லெட்டரைத் தேடும் பேட்ச்கள்

லினக்ஸ் கெர்னலில் ஒரு மாற்றம் சேர வேண்டுமானால் இன்றைக்கும் அது மின்மடலாகத்தான் போக வேண்டும். ஏழு பேட்ச் (குறியீட்டு மாற்றம்) கொண்ட தொடர் என்றால் மொத்தம் எட்டு மடல். முதலில் தொடரை அறிமுகப்படுத்தும் கவர் லெட்டர், அதன் கீழே ஒரே இழையாக ஏழு பேட்ச். அவை உதிரி மடல்களாகப் போய் விழுந்தால் குறியீட்டைப் பற்றிப் பேச்சே எழாது. 'இழை அறுந்திருக்கிறது, திரும்ப அனுப்புங்கள்' என்று ஒற்றை வரியில் பதில் வரும். எந்த இடத்தில் அறுந்தது என்பதை அந்த வரி பெரும்பாலும் சொல்வதில்லை. இந்த வழக்கத்தில் எனக்குள்ள முதல் குறை அதுதான்.

இழையைத் தாங்குபவை மூன்று ஹெடர்கள். மெசேஜ்-ஐடி மடலின் அடையாளம். இன்-ரிப்ளை-டு, ரெஃபரன்சஸ் இரண்டும் அது எந்த மடலைச் சார்ந்தது என்று காட்டுபவை. 1982இல் வந்த மின்மடல் தரமான ஆர்எஃப்சி 822இலேயே இவை உண்டு. ஆனால் இவை பதில் மடல்களுக்காக ஏற்பட்டவை. மூன்றாவது பேட்ச் யாருக்கும் எழுதிய பதில் அல்ல. தொடரில் தன் இடம் மூன்று என்று சொல்லிக்கொள்ள மடலில் அதற்கு ஹெடர் கிடையாது. அதனால் '3/7' என்பது பொருள் வரியில் வெறும் எழுத்தாகப் போகிறது. வரிசை குலையாமலிருக்க, பேட்ச்களை அனுப்பும் கருவியான கிட் செண்ட்-இமெயில் ஒவ்வொரு மடலின் நேரத்தையும் முந்தையதைவிட ஒரு நொடி கூட்டிப் போடுகிறது. கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் ஒட்டுவேலை.

இந்த ஒட்டுவேலையை எளிதில் தள்ளிவிடவும் முடியாது. இழை எந்த நிறுவனத்தின் தரவுத்தளத்திலும் அடைபட்டில்லை, மடல்களுக்குள்ளேயே இருக்கிறது. கெர்னல் மடல்களைச் சேமித்துவைக்கும் லோர் காப்பகத்தில் ஒவ்வொரு மடலின் முகவரியும் அதன் மெசேஜ்-ஐடியைக் கொண்டே அமைகிறது. காப்பகத்தைப் பிரதியெடுத்துக்கொண்ட எவரும் பழைய விவாதங்களை யார் தயவுமின்றி மறுபடி கோத்துக்கொள்ளலாம். பெரிய நிறுவனங்களின் இணையதளங்களில் நடக்கும் குறியீட்டு விவாதங்களுக்கு இந்த உறுதி இல்லை.

அறுந்த இழையைப் பார்த்தே காரணத்தைப் பாதி சொல்லிவிடலாம். எட்டு மடலும் எட்டு இடத்தில் கிடந்தால் அனுப்பியவர் ஒவ்வொன்றையும் தனித்தனிக் கட்டளையில் அனுப்பியிருக்கக்கூடும். ஏழு பேட்ச் ஒன்றாகச் சேர்ந்திருக்க, கவர் லெட்டர் மட்டும் தனியே நின்றால் விஷயம் வேறு. வழியில் ஏதோ சேவையகம் மெசேஜ்-ஐடியை மாற்றியிருக்கிறது. ஏழும் சுட்டுவது கவர் லெட்டரின் பழைய ஐடியை. அந்த ஐடியில் உலகத்தில் மடலே கிடையாது. நிரலாளர் ஜேமி ஸவின்ஸ்கி 1997இல் எழுதிவைத்த கோக்கும் முறை இத்தகைய காணாமற்போன தாய்க்கு ஒரு வெற்று இடம் ஒதுக்கி, பிள்ளைகளை அதன் கீழ் சேர்க்கிறது. மட் போன்ற மடல் நிரல்களிலும் பேட்ச்கள் இப்படிச் சேர்ந்தே தெரியும்.

மைக்ரோசாஃப்டின் அவுட்லுக் சேவையகங்கள் இப்படி ஐடியை மாற்றுவதை கிட்டின் கையேடே குறிப்பிடுகிறது. மடலை ஏற்று அனுப்பும் சேவையகங்களுக்கான ஆர்எஃப்சி 6409 சொல்வது, ஐடி இல்லாதபோதோ அதன் வடிவம் பிழையானபோதோ புதிது சேர்க்கலாம் என்பதே. சரியான ஐடியைத் தூக்கி எறிவதற்கு அது சாக்காகாது. கடைசியில் 2025இல் கிட்தான் இறங்கிவந்தது. அவுட்லுக் சேவையகம் மடலை ஏற்றதும் சொல்லும் பதிலிலிருந்து புதிய ஐடியைப் படித்து, அடுத்த மடல்களில் அதையே போடுகிறது. வேலை நடக்கிறது. தவறு செய்தது சேவையகம், திருத்திக்கொண்டது அனுப்பும் கருவி.

அனுப்பாமல் ஒத்திகை மட்டும் பார்க்கும் டிரை-ரன் விருப்பம் இந்தக் கோளாறைக் காட்டாது. அது சேவையகத்தையே தொடுவதில்லை. தொடரை முதலில் தன் இன்னொரு முகவரிக்கு அனுப்பி, வந்து சேர்ந்த மடலின் மூல வடிவத்தைத் திறக்க வேண்டும். முதல் பேட்சின் இன்-ரிப்ளை-டுவும் கவர் லெட்டரின் மெசேஜ்-ஐடியும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தால் இழை சரி. ஜிமெயில் பட்டியலை வைத்து முடிவு கட்டக் கூடாது. பொருள் வரி மாறினால் ஹெடர் சரியாக இருந்தாலும் ஜிமெயில் தனி உரையாடலாகவே காட்டும். பேட்ச் தொடரில் ஒவ்வொரு பொருள் வரியும் வேறு. இதைக் கண்டு பதறி மறுபடி அனுப்புவதால் ஒழுங்காகப் போன தொடருக்கு இரட்டை முளைக்கிறது.

பாதியில் நின்றுபோன தொடருக்கும் இதே கதி நேர்கிறது. நான்காவது மடலோடு சேவையகம் கதவடைத்தால் மிச்சத்தை மட்டும், கவர் லெட்டரின் ஐடியை இன்-ரிப்ளை-டு விருப்பத்தில் கொடுத்து அனுப்பினால் போதும். முழுவதையும் திரும்ப அனுப்பச் சொல்வது சோம்பேறித்தனம்.

இரண்டாம் பதிப்பு வரும்போது வழக்கமே இரண்டாகப் பிரிகிறது. கிட் திட்டம் புதிய பதிப்பைப் பழைய கவர் லெட்டருக்குப் பதிலாக அனுப்பச் சொல்கிறது. கெர்னல் ஆவணமோ, பல பேட்ச் தொடர்களில் அப்படிச் செய்தால் சுட்டல்கள் காடாக மண்டிவிடும், பழையதற்கு லோர் இணைப்புக் கொடுத்தால் போதும் என்கிறது. கெர்னல் பக்கமே எனக்கு உடன்பாடு. நான்காம் பதிப்பைத் தேடுகிறவர் முதல் பதிப்பின் சண்டைகளுக்குள் புகுந்து வர வேண்டியதில்லை. ஆனால் ஒரே கருவியைப் பயன்படுத்தும் இரண்டு முகாம்களில் ஒன்றின் ஒழுங்கு மற்றதில் குற்றமாவதைப் புதியவர் எப்படி ஊகிப்பார்?

அனுப்பியபின் திருத்த வழியில்லை என்பதே ஆகப் பெரிய குறை. அதனால் அனுப்பும்போதே சேவையகங்களின் குறுக்கீட்டைத் தவிர்க்க, கெர்னல் உருவாக்குநர்களுக்கான பி4 கருவி பேட்ச்களை இணையம் வழியே நேராகக் கெர்னல்.ஆர்க் தளத்திடம் ஒப்படைக்கும் வழியையும் தருகிறது. அவுட்லுக் கணக்கோடு மல்லுக்கட்டுகிறவருக்கு நான் அதையே சொல்வேன். எந்த மடல் கணக்கிலிருந்தும் பேட்ச் அனுப்பலாம் என்ற பழைய பெருமையில் ஒரு பங்கு அதனால் குறைகிறது என்பதையும் சேர்த்தே சொல்வேன்.