சிறிதாக எழுதப்பட்ட ஆலெப்

தோராச் சுருளின் மூன்றாம் நூலாகிய லேவியராகமம் 'வய்யிக்ரா' என்னும் எபிரேயச் சொல்லுடன் தொடங்குகின்றது. 'அழைத்தார்' என்பது அதன் பொருள். கடவுள் மோசேயை அழைத்த செய்தியைத் தாங்கி நிற்கும் இச்சொல்லின் ஈற்றெழுத்தாகிய ஆலெப், அயலிலுள்ள எழுத்துக்களைக் காட்டிலும் அளவிற் சிறியதாக எழுதப்படுதல் மரபு. சுருள்களைக் கையாற் படியெடுப்போர் இன்றும் இம்மரபினைப் பேணி வருகின்றனர். மொழிபெயர்ப்புக்களில் இவ்வேறுபாடு புலப்படுவதற்கு வழியில்லை. தமிழில் 'அழைத்தார்' என்றோ 'கூப்பிட்டார்' என்றோ எழுதிவிட்டால் மூலத்தில் ஒரு வினா கிடந்தமை முற்றாக மறைந்து விடுகிறது. யூத உரையாளர் இச்சிற்றெழுத்திலே இறைவன் முன் மனிதனுக்குரிய பணிவின் அடையாளத்தைக் கண்டனர். அவர்கள் கண்ட பொருள் எத்தகையது, அது நூலினின்று பெறப்பட்டதா அன்றி நூலின்மீது ஏற்றப்பட்டதா என்பனவே ஈண்டு ஆராயப்படுவன.

ஆலெப் எபிரேய நெடுங்கணக்கின் முதலெழுத்து. தமிழ் மாணவர் அதனை நமது அகரத்துடன் ஒப்பிட முற்படுதல் இயல்பே. திருக்குறளின் முதற்குறள் அத்தகைய ஒப்பீட்டுக்கு உடனே இடந்தருவது போலவும் தோன்றும். ஆயின் இவ்வொப்புமை நம்மை வழிதவறச் செய்வது. அகரம் உயிரெழுத்து; ஏனைய எழுத்துக்களை இயக்குவது. ஆலெப்போ மெய்யெழுத்து, அதிலும் தொண்டையிலே மூச்சு ஒரு கணம் தடைப்பட்டு விடுபடும் அசைவு ஒன்றையே குறிப்பது. கிரேக்கர் அதனைப் பினீசியரிடமிருந்து பெற்ற பின்னரே அது 'அல்பா' என்னும் உயிரெழுத்தாயிற்று. எபிரேயத்தில், அதுவும் சொல்லின் ஈற்றில் நிற்கும்போது, ஆலெப்புக்கு ஒலியே இல்லை. எழுதப்படும், ஒலிக்கப்படாது. பணிவின் குறியீடாக அது கொள்ளப்பட்டமைக்கு இவ்வியல்பே முதற் காரணம் எனலாம்.

ஆலெப்பின் பணிவு பற்றிய கதைகள் இரண்டு பெருவழக்காக உள்ளன. தோராவின் முதற்சொல் ஆலெப்பிலன்றி இரண்டாம் எழுத்தாகிய பேத்திலேயே தொடங்குகின்றது. ஏன் என்ற வினாவுக்கு ஆதியாகமத்திற்கு எழுந்த 'பெரேஷித் ரப்பா' என்னும் மிட்ராஷ் விடை கூறுகின்றது. ஆலெப் இருபத்தாறு தலைமுறைக் காலம் இறைவனிடம் முறையிட்டதாம். சீனாய் மலையிற் பத்துக் கட்டளைகளை 'அனோகி' (நான்) என்னும் சொல்லால், அதாவது ஆலெப்பிலே தொடங்குவேன் என்று இறைவன் அதற்கு ஆறுதல் கூறினாராம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்பெயினில் வெளிப்பட்ட 'ஸோஹர்' இக்கதையை வேறுவிதமாகச் சொல்லும். எழுத்துக்கள் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக இறைவன்முன் வந்து, தன்னைக் கொண்டே உலகைப் படைக்குமாறு வேண்டுகின்றன. பேத் தெரிவு செய்யப்பட்ட பின்னர் ஆலெப் மட்டும் உள்ளே வராது நிற்கின்றது. பிற எழுத்துக்கள் பயன்பெறாது மீண்டமையையும், பேத்துக்கு அளித்த கொடையை இறைவன் திரும்பப் பெறுதல் தகாது என்பதையும் அது காரணங்களாகக் கூறுகின்றது. அதன்மேல் எழுத்துக்களுக்கெல்லாம் தலைமை அதற்கு வழங்கப்படுகின்றது.

இவ்விரு கதைகளையும் ஒன்றாகக் கலந்து, 'பணிந்த எழுத்து உயர்ந்தது' என்று போதனை செய்வோர் பலர். முன்னைய கதையில் ஆலெப் பணியவில்லை, முறையிடுகின்றது. அதனை நாணமுற்று ஒதுங்கி நிற்கும் எழுத்தாக்கியது ஸோஹரின் கற்பனை. கற்பனை அழகியதே, எனினும் பணிவுக்குப் பரிசாகத் தலைமை கிடைக்குமெனின் அப்பணிவு ஒரு முதலீடாகி விடுகின்றது என்ற ஐயம் எழாமற் போகாது. ஆலெப்பின் வரிவடிவைப் பகுத்து, மேலும் கீழும் இரு யோத், நடுவே சாய்ந்த வாவ், அவற்றின் எண்மதிப்பு 10, 10, 6, கூட்டினால் 26, இறைவனின் நான்கெழுத்துத் திருநாமத்தின் மதிப்பும் 26 என்று காட்டுவோரும் உளர். கணக்குப் பிழையன்று. ஆனாற் கூட்டியும் பிரித்தும் வேண்டிய விடையைப் பெறக்கூடிய முறையொன்று எதனையும் மறுக்க வல்லதன்று. எதனையும் மறுக்க இயலாத முறை எதனையும் நிறுவவும் இயலாது.

லேவியராகமத்துச் சிற்றாலெப் பற்றிய விளக்கம் இவற்றினின்றும் வேறுபட்டது. பதினோராம் நூற்றாண்டுப் பிரெஞ்சு நாட்டு உரையாசிரியர் ராஷி (1040-1105) இவ்விடத்து ஒரு சொல்வேறுபாட்டைச் சுட்டியிருந்தார். மோசேயைக் கடவுள் 'அழைத்தார்'. அது அன்பின் மொழி. எண்ணாகமத்தில் வரும் பிலேயாம் என்னும் புறவினத் தீர்க்கதரிசிக்கோ 'வய்யிக்கார்' என்ற சொல்லே வழங்கப்பட்டுள்ளது. 'எதிர்ப்பட்டார்', தற்செயலாகச் சந்தித்தார் என்பது அதன் பொருள். எழுத்தளவில் இவ்விரு சொற்களுக்குமிடையிலுள்ள வேறுபாடு ஈற்றில் நிற்கும் ஆலெப் ஒன்றே. பதினான்காம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த யாக்கோபு பென் ஆஷேர் என்பார், 'பாஅல் ஹத்தூரிம்' எனப் பெயர்பெற்ற தம் உரையிலே இதனை மேலும் ஓரடி கொண்டு சென்றார். மோசே தமக்கும் 'எதிர்ப்பட்டார்' என்ற சொல்லையே எழுத விரும்பினார். கனவிலே தோன்றியது போலக் கடவுள் தற்செயலாகத் தம்மிடம் வந்தார் என எழுதுதலே தமக்குத் தகும் என்று கருதினார். ஆலெப்பையும் எழுதுக என்றார் கடவுள். மோசே எழுதினார், ஆனாற் சிறிதாக எழுதினார்.

சில வரிகளில் அடங்கிவிடும் இவ்விளக்கத்தில் மிக நுட்பமான ஒரு சிக்கல் பொதிந்துள்ளது. கடவுள் தம்மை அழைத்தார் என்பது உண்மை. அவ்வுண்மையை எழுதுவது எழுதுபவனுக்கே புகழாகின்றது. அதனை மறைத்தாலோ பணிவு காக்கப்படும், உண்மை பொய்க்கும். அதிலும் பொய்ப்பது மோசேயைப் பற்றிய செய்தி மட்டுமன்று; கடவுளின் செயலே பொய்யாகி விடுகின்றது. அன்பினால் அழைத்தவரைத் தற்செயலாக வந்தவராகக் காட்டும் பணிவு தன்னைப் பற்றியே எண்ணிக் கொண்டிருக்கும் பணிவாகும். ஆகவேதான் ஆலெப் விடப்படவில்லை. கட்டளைக்குக் கீழ்ப்படிந்து அது எழுதப்பட்டது. கீழ்ப்படிந்தவனின் கூச்சம் அதன் அளவிலே தங்கிற்று. இவ்வெழுத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் சிறுமையையே வியந்து, தன்னை இல்லாதொழித்தலே பணிவென முடிபு கூறுவர். அஃது உரையின் கருத்தைத் தலைகீழாக்குவதாகும். எழுத்து சிறியது என்பதினும் எழுத்து அங்கே இருக்கிறது என்பதே முதன்மையானது.

இதே சிக்கல் எண்ணாகமம் பன்னிரண்டாம் அதிகாரத்திலும் தலைகாட்டுகின்றது. பூமியிலுள்ள மனிதர் யாவரினும் மோசே மிகப் பணிவுடையவர் என்று அங்கே கூறப்படுகின்றது. மோசேயே தோராவை எழுதினார் என்னும் மரபை ஏற்போருக்கு இது பெரும் இடர்ப்பாடு. தம் பணிவைத் தாமே பறைசாற்றுவது எங்ஙனம்? 'பணிவுடையவர்' எனப் பொருள்படும் 'ஆனாவ்' என்ற சொல் அவ்விடத்து யோத் என்னும் எழுத்து இன்றி எழுதப்படுவது குறிப்பிடத்தக்கது. யோத் எபிரேயத்தின் மிகச்சிறிய எழுத்து. எழுதியும் எழுதாமலும் விடும் கை இரண்டிடங்களிலும் ஒன்றே என உரையாளர் கண்டனர். மிட்ராஷ் மரபில் வேறொரு கதையுமுண்டு. தோராவை எழுதி முடித்தபோது மோசேயின் எழுதுகோலிற் சிறிது மை எஞ்சியது. அதனை அவர் தலையிலே தடவினார். அவர் முகத்தின் ஒளி அதனாலாயது. எஞ்சிய அந்த மை எந்த எழுத்துக்குரியது என்ற வினாவுக்குச் சிலர் விடுபட்ட யோத்தையும் சிலர் சிறுத்த ஆலெப்பையும் காட்டினர். புற ஒளிக்குக் காரணம் எழுதாது விட்ட மை என்பது எந்நாட்டு இலக்கியத்திலும் நிலைபெறத்தக்க கற்பனை.

நாளாகமம் முதல் நூலின் தொடக்கத்தில் ஆதாம் என்னும் பெயரின் ஆலெப் பெரிதாக எழுதப்படுவதும் மரபே. ஹசிதிய மரபில், லியாதி ஊரினரான ஷ்னேயுர் சல்மான் (1745-1812) பெயரால் வழங்கும் விளக்கம் இவ்விரண்டையும் எதிரெதிர் நிறுத்துகின்றது. ஆதாம் கடவுளின் கைவேலைப்பாடு. தன் சிறப்பை அறிந்தான். அவ்வறிவே அவனுக்குத் தடைக்கல்லாயிற்று. மோசேயும் தம் சிறப்பை அறிந்தவரே. ஆயின் இவ்வாற்றல் இன்னொருவருக்கு வழங்கப்பட்டிருப்பின் அவர் தம்மினும் மேலாக வாழ்ந்திருப்பார் என எண்ணினார். பெரிய ஆலெப்புக்கும் சிறிய ஆலெப்புக்கும் வேறுபாடு அறிவிலன்று, அவ்வறிவைக் கொண்டு ஒருவர் செய்வதிலே என்பது இதன் கருத்து. பாஅல் ஹத்தூரிம் விட்ட இடத்தை இவ்விளக்கம் நிரப்புவதாக எனக்குத் தோன்றுகின்றது. தன் தகுதியை உணராதவனின் அடக்கம் வெறும் அறியாமை. அதனைப் பணிவெனப் பாராட்ட வேண்டியதில்லை.

வரலாற்று நோக்கிலான தடையொன்றையும் இங்கு எதிர்கொள்ள வேண்டும். 'வய்யிக்ரா' என்பதற்கு அடுத்த சொல் 'எல்'. அதுவும் ஆலெப்பிலே தொடங்குவது. அடுத்தடுத்து வரும் இரு ஆலெப்புக்களில் ஒன்று படியெடுப்போர் கையில் விடுபட்டிருக்கலாம், பின்னர் திருத்தமாக அது சிறிதாகச் செருகப்பட்டிருக்கலாம் என ஆய்வாளர் சிலர் கருதுவர். சுவடிகளோடு பழகிய நமக்கு இஃது எளிதில் விளங்கும் செய்தியே. இக்கருதுகோள் சரியாயின் சிற்றாலெப்பின் தோற்றத்துக்கும் மோசேயின் பணிவுக்கும் தொடர்பில்லை. ஆகவே உரையாளரின் விளக்கத்தை எழுத்தின் வரலாறாகக் கொள்ளுதல் கூடாது. எனினும் எண்கணக்கு விளக்கத்துக்கு நேரும் கதி இதற்கு நேர்வதில்லை. அழைத்தலும் எதிர்ப்படுதலும் நூலிலேயே உள்ள சொற்கள். பிலேயாம் தன்னைக் கண் திறக்கப்பட்டவன் எனத் தானே புகழ்ந்து பேசுவதும், மோசே தம்மால் இயலாதென ஓரேபு மலையிற் பின்வாங்கியதும் நூலிலேயே உள்ளவை. மை எவ்வாறு சிந்தியிருப்பினும் உரையாளர் அவ்விடத்து வாசித்தது நூலையே.

ரிமனோவ் ஊரினரான மெண்டல் (இறப்பு 1815) என்னும் ஹசிதிய ஞானியின் கூற்றெனக் கெர்ஷொம் ஷோலெம் எடுத்துக்காட்டும் கருத்தொன்றும் இதனுடன் வைத்து நோக்கத்தக்கது. சீனாயில் மக்கள் கேட்டது 'அனோகி' என்பதன் ஆலெப்பை மட்டுமே என்பது அது. ஒலியற்ற எழுத்தைக் கேட்பதாவது யாது? ஷோலெம் அதனைப் பொருள் பெறுமுன் உள்ள வெளிப்பாடு என்பார். மனிதரின் சொற்கள் யாவும் அதற்கு உரைகளே. போர்ஹெஸ் 1945இல் எழுதிய சிறுகதையொன்றில் ஆலெப் அண்டமனைத்தும் அடங்கிய புள்ளியாகின்றது. அங்கே அதனைக் காண்பவனுக்குப் பணிவு வாய்ப்பதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது.

யூதப் பாடசாலைகளிற் சிறுவர் தோராவை ஆதியாகமத்திலன்றி லேவியராகமத்திலே படிக்கத் தொடங்கும் வழக்கம் பழைமையானது. தூயவர்கள் தூய்மை பற்றிய நூலிலே தொடங்கட்டும் என்பது மிட்ராஷ் கூறும் காரணம். சிறுவருக்கெனவே அவ்வெழுத்து சிறிதாயிற்று என்று பின்வந்தோர் சேர்த்துக் கொண்டனர். முதன்முதலாக ஏட்டை விரிக்கும் பிள்ளை அம்முதற் சொல்லிலேயே தயங்கி, இந்த எழுத்து மட்டும் ஏன் சிறியது என்று ஆசிரியரைக் கேட்கின்றது.