மோரிஸ் மைனருக்கு 4.22 டிஃபரன்ஷியல்: குறைந்த செலவில் பின் ஆக்சில் மாற்றம்

1956-இல் வந்த மோரிஸ் மைனர் 1000-இன் என்ஜின் 948 சிசி, 37 குதிரைத்திறன். அதன் பின் ஆக்சிலில் கிரவுன் வீலுக்கு 41 பல், பினியனுக்கு 9 பல். சக்கரம் ஒருமுறை சுற்ற புரொப்பெல்லர் ஷாஃப்ட் நாலரை முறைக்கு மேல் சுற்ற வேண்டும், கணக்குப்படி 4.555. பிரிட்டனின் குறுகிய கிராமச் சாலைகளில் நாலு பேரையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு போக அந்த விகிதம் சரியாகத்தான் இருந்தது. இன்றைய நெடுஞ்சாலையில் மணிக்கு 80 கிமீ வேகத்தில் டாப் கியரில் போனால், 145/80 ஆர்14 டயரோடு என்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 3,400 சுற்று சுற்றுகிறது. வண்டி ஓடும்; உள்ளே இருப்பவர்கள் பேச முடியாது.

இதற்கு ஐந்து கியர் பெட்டி போடுவோர் உண்டு. அதற்கு கிராஸ் மெம்பர், புரொப்பெல்லர் ஷாஃப்ட், கிளட்ச் என்று ஒவ்வொன்றாகக் கை வைக்க வேண்டிவரும். செலவு சில வேளை வண்டியின் விலையோடு போட்டி போடும். மலிவான வழி பின்னால் இருக்கிறது.

1962-இல் மைனருக்கு 48 குதிரைத்திறன் கொண்ட 1098 சிசி என்ஜின் வந்தபோது ஆக்சில் விகிதமும் 4.22 ஆனது: 38 பல்லுக்கு 9 பல். ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட், எம்ஜி மிட்ஜெட் ஆகிய சிறு ஸ்போர்ட்ஸ் கார்களிலும் இதே குடும்பத்து ஆக்சில்தான். அவற்றின் ஆரம்ப மாடல்களில் 4.22, 1960-களின் கடைசியிலிருந்து 3.9, கடைசிக் கால மிட்ஜெட் 1500-இல் 3.7. இந்த ஆக்சிலின் நல்ல குணம், டிஃபரன்ஷியல் முழுவதும் ஒரே கட்டாக ஹவுசிங்கின் முன்பக்கம் எட்டு நட்டில் உட்கார்ந்திருப்பது. ஆக்சிலை வண்டியிலிருந்து இறக்காமலே கட்டை வெளியே எடுத்து இன்னொன்றை வைக்கலாம்.

மலிவு என்பது இந்தக் கட்டு மாற்றத்தில்தான் இருக்கிறது. கிரவுன் வீலையும் பினியனையும் மட்டும் புதிதாக வாங்கிப் பழைய கட்டில் போடுவது சிக்கனம்போலத் தோன்றும், ஆனால் அப்படி அல்ல. பினியன் எவ்வளவு ஆழத்தில் நிற்க வேண்டும், பேரிங்குக்கு எவ்வளவு முன்னழுத்தம், இரண்டு பல்லுக்கும் இடையில் எவ்வளவு பிளே என்பதையெல்லாம் ஷிம் வைத்து, டயல் கேஜில் அளந்து சரிசெய்ய வேண்டும். இதற்கான கருவியும் கையும் உள்ள பட்டறைகள் குறைந்துகொண்டே வருகின்றன. தப்பினால் புது கியரும் சில ஆயிரம் கிலோமீட்டரில் ஊளையிடும். தொழிற்சாலையில் செட் செய்த, ஓடி ஒத்துப்போன பழைய கட்டே நம்பகமானது.

ஆனால் பழையது என்றால் பார்த்து வாங்க வேண்டும். பினியன் ஃபிளாஞ்சைக் கையால் சுற்றினால் கரகரப்பு இருக்கக்கூடாது. மேலும் கீழும் ஆட்டினால் ஆடவே கூடாது. பல்லில் குழியோ நீலம்பாய்ந்த தடமோ தெரிந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். சரியான பிளே எவ்வளவு என்பது பெரும்பாலும் கிரவுன் வீலிலேயே பொறித்திருக்கும், அளந்து ஒப்பிடலாம். உள்ளே இருக்கும் சிறு கியர்களின் திரஸ்ட் வாஷர் தேய்ந்திருந்தால் கிளட்ச் விடும்போது 'டொக்' என்று கேட்கும். அது பயப்பட வேண்டிய கோளாறு அல்ல, வாஷர் விலை சொற்பம். ஆக்சில் ஷாஃப்ட்டின் பள்ளங்களையும் ஃபிளாஞ்சின் துளைகளையும் பழைய கட்டோடு ஒப்பிட்டுவிட்டே காசு கொடுக்க வேண்டும். முற்கால மைனர்களில், குறிப்பாக 1948 முதலான சைடு-வால்வு வண்டிகளில், ஆக்சிலே வேறு.

இலங்கையில் இந்தத் தேடல் அவ்வளவு கடினமல்ல. மைனர் அங்கே இன்னும் அன்றாட வண்டி; கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய உதிரிப்பாகங்களுக்கென்றே தெருக்கள் உண்டு. பிரிட்டனுக்குப் போகும் மைனர் பாகங்கள் இலங்கையில் செய்யப்பட்டதும் உண்டு.

வேலை ஒரு நாள் வேலை. வண்டியைப் பின்பக்கம் தூக்கி உறுதியான ஸ்டாண்டில் நிறுத்தி, பழைய ஆயிலை வடித்து, சக்கரத்தையும் பிரேக் டிரம்மையும் கழற்றினால் ஆக்சில் ஷாஃப்ட் தெரியும். அதைப் பிடித்திருக்கும் ஸ்குரூவை எடுத்து இரண்டு பக்கமும் ஷாஃப்ட்டைச் சற்று வெளியே இழுத்தால் போதும், ஹப்பைத் தொட வேண்டியதில்லை. புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் நாலு போல்ட், பிறகு அந்த எட்டு நட்டு. கட்டு கனமானது, மல்லாந்து படுத்துக்கொண்டு நெஞ்சில் தாங்கப் பார்க்காமல் ஜாக்கி கொடுப்பது நல்லது. திறந்திருக்கும்போதே பினியன் ஆயில் சீல், பேக்கிங், ஹப்பின் ரப்பர் வளையம் எல்லாவற்றையும் புதிதாகப் போட வேண்டும். ஹப்பின் பழைய வளையத்தை விட்டுவைத்து மிச்சம் பிடித்தால் ஆயில் பிரேக் லைனரில் இறங்கும். ஹைப்பாய்டு ஈபி 90 ஆயில் சுமார் 0.85 லிட்டர் பிடிக்கும்.

பலன் எப்படி? அதே 80 கிமீ வேகத்துக்கு 4.22-இல் சுமார் 3,150 சுற்று, 3.9-இல் 2,900, 3.7-இல் 2,750. தாளில் பார்த்தால் 3.7 கவர்ச்சியானது. 948 சிசி வண்டிக்கு அது பொருந்தவே பொருந்தாது. மைனரின் முதல் கியர் 3.628, 4.555-உடன் பெருக்கினால் 16.5, 3.9-உடனேயே 14.1 மட்டுமே. அதாவது ஏற்றத்தில் இழுவை ஏழில் ஒரு பங்கு போகிறது. முதல் கியரில் சிங்க்ரோமெஷ்ஷும் இல்லை. இரண்டாவதில் திணறும் வண்டியை ஓட்டத்திலேயே முதலுக்கு மாற்ற டபுள் கிளட்ச் பழகியிருக்க வேண்டும். றம்பொடை வழியாக நுவரெலியா ஏறுகிற வண்டிக்கு 3.9 தண்டனை. யாழ்ப்பாணத்துச் சமதரையில் ஒருவேளை ஒத்துப்போகலாம், அதுவும் எதிர்க்காற்று இல்லாத நாளில்.

948-க்கு 4.22 தான் சரி. இரைச்சல் குறைவது உடனே தெரிகிறது, இழுவை குறைவது மலையில் மட்டுமே தெரிகிறது. 1098 சிசிக்கு 3.9 சமவெளியில் நன்றாகவே இருக்கும். 1275 சிசி மாற்றி வைத்தவர்களுக்கு 3.9 ஏறக்குறைய கட்டாயம்; விகிதம் குறையக் குறைய ஆக்சில் ஷாஃப்ட்டில் ஏறும் முறுக்குவிசையும் குறைவதால், மைனரின் மெலிந்த ஷாஃப்ட்டுக்கும் அது நல்லது. பழைய 803 சிசி வண்டியில் 5.3-ஐ ஒட்டிய விகிதம் இருக்கும். அதற்கு, மற்றவர்கள் கழற்றிப் போடும் 4.555 கட்டே பெரிய முன்னேற்றம், அதுவும் அநேகமாகக் கேட்ட விலைக்கே கிடைக்கும்.

பலர் மறப்பது ஸ்பீடோமீட்டர். அதன் கேபிள் கியர் பெட்டியிலிருந்து வருகிறது, ஆக்சில் மாறியது அதற்குத் தெரியாது. 4.22 போட்ட வண்டி 80-இல் போகும்போது முள் 74 காட்டும், 3.9 என்றால் 68 அல்லது 69. உண்மையைவிடக் குறைத்துக் காட்டும் தவறு என்பதால் இதை அப்படியே விடக்கூடாது. 4.22-க்கு 1098 மைனரின் மீட்டரே போதும். மற்ற விகிதங்களுக்கு மீட்டர் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துத் திருத்த வேண்டும்; டயர் அளவையும் அப்போதே சொல்லிவிட வேண்டும்.

முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பிறகு எட்டு நட்டையும் ஒருமுறை இறுக்கிப் பார்த்து, ஆயில் மட்டத்தைச் சோதிக்க வேண்டும். ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது மட்டும், அல்லது விடும்போது மட்டும் மெல்லிய முனகல் கேட்டு, அது வளராமல் இருந்தால் அப்படியே ஓட்டலாம். இரண்டு நிலையிலும் கேட்டு, நாளுக்கு நாள் கூடினால் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது. கட்டைத் திரும்ப இறக்க வேண்டியதுதான்.