நீலப் பட்டைகளைப் படித்தல்

புரதங்களை மின்சாரத்தால் ஓட்டி அளவுவாரியாகப் பிரித்த ஜெல்லைக் கையில் எடுத்ததும் நான் முதலில் பார்ப்பது சாய விளிம்பைத்தான். புரதங்களுக்கு முன்னால் ஓடும் புரோமோபீனால் நீலம் கீழே வந்து சேரும்போது நூல் பிடித்தாற்போல் நேராக நிற்க வேண்டும். ஓரங்கள் மேலே வளைந்திருந்தால், நடுப்பகுதி சூடேறி முந்திவிட்டது என்று பொருள். மின்னழுத்தத்தைக் குறைத்து நிதானமாக ஓட்டியிருக்கலாம்.

புரதங்கள் மடிப்பிலும் மின்னேற்றத்திலும் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. எதிர்மின்னேற்றமுள்ள சவர்க்காரமான எஸ்டிஎஸ், மெர்காப்டோஎத்தனால் இரண்டோடும் கொதிக்கவைத்தால் மடிப்பு அவிழ்கிறது. 1 கிராம் புரதத்தோடு சுமார் 1.4 கிராம் எஸ்டிஎஸ் ஒட்டிக்கொள்கிறது. சொந்த மின்னேற்றம் அதற்குள் அமிழ்ந்துபோக, அளவு மட்டுமே மிஞ்சுகிறது. சிறியவை ஜெல்லின் வலையில் நுழைந்து ஓடிவிடும், பெரியவை பின்தங்கும்.

இன்று எல்லா ஆய்வகத்திலும் ஓடும் ஜெல் வடிவத்தை 1970இல் நேச்சர் இதழில் தந்தவர் லெம்லி. கேம்பிரிட்ஜில் டி4 வைரஸின் தலை உருவாகும் விதத்தை ஆராய்ந்துகொண்டிருந்தவர். கட்டுரைத் தலைப்பில் ஜெல் என்ற பேச்சே கிடையாது. அந்த ஜெல்லில் என்னைச் சொக்கவைப்பது மேலடுக்கு. அங்கே பிஎச் 6.8. கரைசலில் உள்ள கிளைசின் பெரும்பாலும் மின்னேற்றமின்றித் தயங்கித் தயங்கி நகர, குளோரைடு முன்னால் பாய்கிறது. இரண்டுக்கும் நடுவே நெருக்கப்படும் புரதங்கள் மெல்லிய கோடாகத் திரள்கின்றன. பிஎச் 8.8 உள்ள கீழடுக்கைத் தொட்டதும் கிளைசின் மின்னேற்றம் பெற்று அவற்றைக் கடந்துபோகிறது. அதற்குப் பிறகுதான் பந்தயமே. குழியில் அரை அங்குல உயரம் நின்ற புரதக் கரைசல், கடைசியில் ஒல்லியான பட்டையாகத் தெரிவது இதனால்தான்.

ஓடி முடிந்த ஜெல்லுக்கு ஏற்றும் சாயம் கூமாசி நீலம், கம்பளிக்கு ஏற்றிய சாயம். புளித்த அமில வாடையோடு பின்னணி வெளுக்க வெளுக்கப் பட்டைகள் துலங்கிவரும். எடை தெரிந்த மார்க்கர்கள் பக்கத்து லேனில் நிற்கும்: மாட்டு ஆல்புமின் 66 கிலோடால்டன், கார்பானிக் அன்ஹைட்ரேஸ் 29, முட்டை லைசோசைம் 14. பட்டை போன தூரத்தைச் சாய விளிம்பு போன தூரத்தால் வகுத்து, எடையின் மடக்கைக்கு எதிரே குறித்தால் புள்ளிகள் ஏறக்குறைய ஒரே கோட்டில் விழும். 1969இல் வெபரும் ஆஸ்போர்னும் 40 புரதங்களை ஓட்டி இதை உறுதிசெய்தார்கள்.

கோட்டுக்கு அடங்காதவையும் உண்டு. சர்க்கரை சுமந்த புரதம் கூர்மையான பட்டையாக நிற்காமல் பரவிக் கலங்கும். புற்றுநோய் ஆய்வில் பேர்பெற்ற பி53இன் உண்மை எடை சுமார் 44 கிலோடால்டன்தான். புரோலின் மிகுந்த பகுதி அதை மெதுவாக்க, ஜெல்லில் 53க்கு அருகே நின்றது. அந்த எண்ணே பெயராகிவிட்டது. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் துல்லியமான எடையைச் சொல்லும்தான். ஆனாலும் கோட்டைவிட்டு விலகி நிற்கும் ஒரு பட்டையைக் கண்டால், இந்தப் புரதத்தில் என்னவோ இருக்கிறது என்று அதைத்தான் முதலில் துருவிப் பார்ப்பேன்.